அறிவே முதல், கவலையே வட்டி

தொழில் பெருகவேண்டுமானால் பணம் வேண்டும், யந்திரம் வேண்டும், சந்தை வேண்டும் என்று பேசாத மேடை நம் நாட்டில் இல்லை. இவை யாவற்றுக்கும் முந்திய மூலதனம் ஒன்று உண்டு. அது தொழிலாளியின் தலைக்குள்ளே இருக்கிறது. கவனித்தல், நினைவில் நிறுத்தல், முன்பின் யோசித்தல், பிழையைக் கண்டவுடன் திருத்தல் என்னும் மனோசக்திகளே அம் மூலதனம். கடைக்காரர் தம் சரக்குக்கு வருஷந்தோறும் ஐந்தொகை போடுகிறார். இந்த மூலதனத்துக்கு ஐந்தொகை போடுவார் எவருமில்லை. அது எங்கே செலவாகிறது, யாரால் விரயமாகிறது என்று விசாரிப்பாரும் இல்லை.

விசாரணையின்றித் தீர்ப்பு மட்டும் கூறப்பட்டு வருகிறது. “கைத்தறிக்காரனுக்குப் புத்தி போதாது, பழைய வழியை விடமாட்டான், நாளைக்கு வேண்டியதை இன்று யோசிக்கமாட்டான், கிடைத்த பணத்தைச் செலவிட்டுவிட்டு மறுவாரம் கடனுக்கு அலைவான்” என்று, படித்தவர் எனப்படுவோர் சர்வ சாதாரணமாகச் சொல்லக் கேட்கிறோம். இது ஒரு குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்பட்டவனை அழைத்து விசாரியாமல், சாட்சியத்தையும் கேளாமல் முடிவு சொல்வது எந்த நியாயஸ்தலத்துக்கும் அடுத்ததன்று. ஆகவே இவ்வழக்கைச் சற்று முறைப்படி விசாரிப்போம்.

காஞ்சீபுரத்துக்குக் கிழக்கே தென்னேரி என்னும் ஊர் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையின் தலைவனான தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையன் ஏரி என்று வழங்கியதே நாளடைவில் தென்னேரி ஆயிற்று என்பர். ஜில்லாவிலுள்ள பெரிய ஏரிகளுள் அதுவும் ஒன்று. ஏரியும் கோயிலும் பழமை. காஞ்சி வட்டாரத்தின் பட்டு நெசவும் பழமையுடையதே. இவ்வட்டாரத்துத் தறியொன்றின் முன் ஒருமணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பவர், மேலே சொன்ன தீர்ப்பை இரண்டாம் முறை சொல்லத் தயங்குவர்.

கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்வோம். அதில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இருபுறக் கரைகளுக்கு இரண்டு நாடா, ஆக மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். ஒவ்வொரு ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளவேண்டும். ஓரிடத்தில் கோவை தவறினால் சேலையின் ஆயுள் அங்கே குறைந்துபோகும். குழியில் கால்கள் மிதியை மாற்றுகின்றன. கைகள் நாடாவை விடுகின்றன. துணைக்கு உட்கார்ந்தவர் மறுகரை நாடாவைத் தருகிறார். கண் ஆயிரக்கணக்கான பாவிழைகளில் எது அறுந்தது என்று தேடுகிறது. செவி, அச்சு விழும் ஓசையிலுள்ள மாறுதலைக் கேட்கிறது. மனமோ, புட்டாவுக்கு இன்னும் எத்தனை ஊடை, கரையில் இப்போது எந்த வரிசை, முந்திக்கு எவ்வளவு சரிகை மீதி என்று கணக்கிட்டுக்கொண்டே போகிறது. ஒரு சேலை முடியப் பத்து நாளும் ஆகும். இருபது நாளும் ஆகும். அத்தனை நாளும் இந்தக் கணக்கு அறாமல் நடக்கவேண்டும். இதற்குக் கைப்பழக்கம் என்று மட்டும் பெயரிடுவது, வக்கீலின் வாதத்துக்கு நாப்பழக்கம் என்று பெயரிடுவதைப் போன்றது.

இந்த மனோவேலையைப்பற்றி இக்கால மனோதத்துவ சாஸ்திரம் என்ன சொல்லுகிறது? மனித மனம் ஒரே சமயத்தில் புதிதாகப் பற்றி நிறுத்தக்கூடிய விஷயங்கள் மிகச் சிலவே. அமெரிக்க அறிஞரான ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதிய பிரசித்தமான கட்டுரையில், அந்த எண்ணிக்கை சுமார் ஏழு என்றார். 2001-ல் நெல்ஸன் கோவன் என்பவர் அது நான்கையொட்டியதே என்று குறைத்தார். எப்படியாயினும் பாத்திரம் சிறிது. அப்படியானால் நூற்றுக்கணக்கான செய்திகளை ஒருவன் ஆளுவது எங்ஙனம்? சிதறிக் கிடப்பவற்றைத் தொகுத்து ஒரே கட்டாகக் கட்டிக்கொள்வதால். 1973-ல் சேஸ், ஸைமன் என்னும் இருவர் சதுரங்க நிபுணர்களைச் சோதித்தனர். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த பலகையைச் சில விநாடி காட்டி மறைத்தால், நிபுணர் காய்களின் இடத்தைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்; காய்களைத் தாறுமாறாக இறைத்து வைத்துக் காட்டினாலோ, அவருக்கும் புதிதாக ஆடுபவனுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. அதாவது நிபுணருக்கு வாய்த்தது வேறு வகையான மூளை அன்று. பல வருஷத் தொழிலால் மனத்தில் சேர்ந்த கட்டுகள். நெசவாளியின் நினைவும் அத்தகையதே என்பது நமது அபிப்பிராயம். நமக்குப் புட்டாவாகத் தெரிவது அவனுக்கு இழைகளின் வாக்கியமாகத் தெரிகிறது.

தமிழருக்கு இது புதுச் செய்தியன்று. அவதானக் கலை நம்மிடையே வளர்ந்த கலை. நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907-ம் வருஷம் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களைக் கவனித்து விடைதந்து சதாவதானி என்னும் பட்டம் பெற்றார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் முதுகில் சிறு கற்களை எறிவார். யாவற்றையும் எண்ணி, மறவாமல், முறையே விடை சொல்லவேண்டும். அதைக் கண்டவர்கள் அதிசயித்தார்கள், அதிசயிக்கவேண்டியதே. ஆயினும், சபையில் சில மணி நேரம் செய்யும் அவதானத்துக்குப் பட்டமும் பொன்னாடையும் அளிக்கும் நாம், அப் பொன்னாடையை நெய்தவன் நாள் முழுதும் தறிக்குழியில் செய்யும் அவதானத்துக்குத் ‘துண்டுக்கு இவ்வளவு’ என்று கூலி பேசுகிறோம்.

யந்திரம் வந்தால் இந்த மனோவேலை இராது என்று சிலர் சொல்லலாம். லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ல் அமைத்த பெட்டி நம் தறிகளின்மேலும் ஏறியிருக்கிறது. முன்னாளில் அடை என்னும் நூற்கட்டிலும் நெசவாளியின் நினைவிலும் இருந்த சித்திரவேலையை, இப்போது துளையிட்ட அட்டைகள் தாங்குகின்றன. அந்த அட்டைகளைக் கண்டே இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தம்முடைய கணித யந்திரத்துக்கு அட்டைகளால் கட்டளையிட யோசித்தார்; உலகையாளும் கம்ப்யூட்டரின் வம்சாவளி நெசவுத் தறியைத் தொட்டு வருகிறது. ஆனால் அட்டை தாங்குவது நினைவை மட்டுமே, கவனத்தை அன்று. இழை அறுந்ததை அட்டை அறியாது. கோர்வை பிசகியதை அட்டை காணாது. கருவி ஒரு சுமையை இறக்கிவைக்கும். காவலிருக்கும் மனம் இன்னமும் மனிதனுடையதே.

அந்தக் கவனமோ அளவுள்ள பொருள். டேனியல் கானமன் 1973-ல் வெளியிட்ட நூலில், கவனம் என்பது வரையறைக்குட்பட்ட ஒரு சேமிப்பு. பல வேலைகளுக்கு அது பங்கிடப்படுகிறது. ஒன்றுக்கு அதிகம் போனால் மற்றொன்றுக்குக் குறையும் என்று விளக்கினார். ஏரிப்பாசனம் கண்ட நமக்கு இதை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. தென்னேரியின் கரை எவ்வளவு நீளமாயினும், ஒரு மதகில் ஓயாமல் நீர் கசிந்துகொண்டிருந்தால் கடைமடை வயல் காயும். வயல் காய்ந்ததைக் கண்டு, ஏரி சிறிது என்று சொல்பவன் கரையைச் சுற்றிப் பாராதவன். தொழிலாளியின் வேலையில் பிழை கண்டவுடன், அவன் புத்தி சிறிது என்று சொல்பவனும் அப்படிப்பட்டவனே. எந்த மதகு கசிகிறது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அதற்கு விடை நம் தமிழ்நாட்டுக் கரும்புத் தோட்டங்களிலிருந்து கிடைத்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்தார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் என்னும் நால்வர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரைச் சோதித்து, 2013-ல் ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் முடிவை வெளியிட்டனர். கரும்பு விவசாயிக்குப் பணம் வருவது வருஷத்துக்கு ஒருமுறை, அறுவடைக்குப் பின். அதற்கு முந்திய மாதங்கள் நெருக்கடிக் காலம். சோதிக்கப்பட்டவர்களுள் அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் பொருள்களை அடகு வைத்திருந்தனர். அறுவடைக்குப் பின் நூற்றுக்கு 4 பேரே. முன்னே கடன் இருந்தவர் நூற்றுக்கு 99, பின்னே 13.

இந்த இரு காலத்திலும் அதே மனிதர்களுக்கு அதே வகைப் பரீட்சைகள் வைக்கப்பட்டன. ஒன்று, படவரிசையில் விடுபட்ட துண்டு எது என்று யூகிக்கும் பரீட்சை. அதற்குப் பள்ளிப்படிப்பு வேண்டியதில்லை. அறுவடைக்கு முன் சராசரி 4.35 விடை சரி, பின் 5.45. மற்றொன்று கவனத்தைக் கட்டிப்பிடிக்கும் பரீட்சை. ஐந்து என்னும் எண் மூன்றுமுறை எழுதியிருந்தால், ‘ஐந்து’ என்று நாவில் வருவதை அடக்கி, ‘மூன்று’ என்று எத்தனை முறை என்பதைச் சொல்லவேண்டும். அதை முடிக்க அறுவடைக்கு முன் 146 விநாடி பிடித்தது. பின் 131 விநாடியே போதியதாயிற்று. மனிதன் மாறவில்லை, மூளை மாறவில்லை, பள்ளிக்கும் போகவில்லை. கையில் பணம் வந்தது, கவலை விலகியது, அறிவு வேலைசெய்தது.

ஒரு தரப்புச் சாட்சியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுதல் முறையன்று. குறுக்கு விசாரணையும் வேண்டும். இரண்டாம் முறை எழுதும் பரீட்சை பழக்கத்தால் எளிதாயிருக்கலாமே என்பது முதல் ஆட்சேபம். ஆராய்ச்சியாளர், அறுவடைக்குப் பின்பே முதன்முறை சோதிக்கப்பட்ட விவசாயிகளையும் வைத்திருந்தனர்; அவர்களும் அவ்வாறே நன்றாகச் செய்தனர். வெயில், மழை, திருவிழா இவற்றின் விளைவாக இருக்கலாமே என்பது இரண்டாவது. கரும்பாலைகள் ஒவ்வொரு விவசாயிக்கும் வெவ்வேறு தேதி குறிப்பதால், ஒரே மாதத்தில் ஒருவன் வெட்டிமுடித்திருப்பான், அடுத்தவன் காத்திருப்பான். ஆகவே பருவத்தின்மேல் பழியைப் போட இடமில்லை. மூன்றாவது ஆட்சேபம் கனமானது. அமெரிக்காவில் குறைந்த வருவாயுள்ளவர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2016-ல் வெளிவந்தது. அதில் அறிவுச் சோதனைகளில் வித்தியாசம் காணப்படவில்லை. இதை மறைப்பது நேர்மையன்று. சில நாளில் சம்பளம் வரும் என்று தெரிந்தவனுடைய நெருக்கடியும், வருஷமெல்லாம் காத்து அடகுக்கடை ஏறியவனுடைய நெருக்கடியும் ஒன்றல்ல என்று நாம் கருதுகிறோம். எனினும், ‘வறுமை எங்கும் எப்போதும் இவ்வளவு அறிவைத் தின்னும்’ என்று அளவு கூறுவதற்கு இச் சாட்சியம் போதாது. கவலை கவனத்தைத் தின்னக்கூடும். தமிழ்நாட்டு விவசாயியிடத்தில் அது தின்றதைக் கண்டிருக்கிறோம். இவ்வளவு சொல்லலாம்.

தொழிற்கூடத்திலிருந்தும் ஒரு சாட்சியம் உண்டு. ஒரிஸ்ஸாவில் தையல் இலை தைக்கும் துண்டுக் கூலித் தொழிலாளரைக்கொண்டு நடத்தப்பட்ட ஆராய்ச்சி 2021-ல் வெளியாயிற்று. யாவருக்கும் கூலி விகிதம் ஒன்றே. மொத்தத்தில் கிடைப்பதும் அவரவர் வேலைக்குத் தக்கதே. ஆனால் சேர்ந்த கூலியைச் சிலருக்கு முன்னதாகவும் சிலருக்குப் பின்னதாகவும் கொடுத்தனர். முன்னதாகப் பெற்றவர்கள் அதன்பின் அதிக இலை தைத்தனர். கவனப் பிசகால் நேரும் பிழைகளும் குறைந்தன. மிக ஏழைகளாயிருந்தவரிடத்தில்தான் இந்த மாறுதல் மிகுதியாய் இருந்தது. கூலியை ஒரு காசு உயர்த்தாமல், கொடுக்கும் நாளை முன்தள்ளியதாலேயே உற்பத்தி உயர்ந்தது என்பதைத் தொழில் நடத்துவோர் மனத்தில் எழுதிக்கொள்வார்களாக.

மூன்றாவது சாட்சியம் தூக்கத்தைப் பற்றியது. அதுவும் நம் சென்னையிலேயே கிடைத்தது. கம்ப்யூட்டரில் விவரம் பதியும் வேலைக்கு அமர்த்தப்பட்ட 452 ஏழை நகரவாசிகளிடம் நடத்திய ஆராய்ச்சி 2021-ல் வெளிவந்தது. அவர்கள் இரவில் எட்டுமணி நேரம் படுத்திருந்தும் தூங்கியது ஐந்தரை மணி நேரமே. சந்தடி, வெப்பம், கொசு, நெருக்கம் இவற்றிடையே வேறெப்படித் தூங்குவது? பல உதவிகள் செய்து இரவுத் தூக்கத்தைச் சுமார் 27 நிமிஷம் கூட்டியும் வேலையில் தெரியத்தக்க பலன் ஏற்படவில்லை. ஆனால் பிற்பகலில் வேலையிடத்திலேயே அமைதியாக அரைமணி தூங்க இடம் தந்தபோது, கவனமும் வேலைத் திறனும் மனநலமும் உயர்ந்தன. கெட்ட தூக்கத்தை நீட்டுவதைவிட, நல்ல ஓய்வு சிறிதாயினும் மேல் என்பதே இதன் கருத்து. பிற்பகலில் கண்ணயரும் தொழிலாளியைச் சோம்பேறி என்று வைகிறவர்கள் இதைப் படிக்கவேண்டும்.

இவ்வளவு ஆராய்ச்சியும் வருவதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே இந்த உண்மையைத் தன் வாழ்வால் நிரூபித்த ஒரு தமிழர் இருக்கிறார். ஸ்ரீநிவாஸ ராமாநுஜனின் தந்தை கும்பகோணத்தில் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். மகன் கலாசாலைப் பரீட்சையில் தவறினார், வேலையின்றி அலைந்தார். நெல்லூர்க் கலெக்டராயிருந்த ராமச்சந்திர ராவ் அவரைச் சந்தித்தபோது, ராமாநுஜன் கேட்டது புகழை அன்று; சோற்றுக்கு அலையாமல் கணிதத்தை நினைத்திருக்க ஓய்வு ஒன்றையே. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவானார். 1913-ல் ஹார்டிக்கு எழுதிய கடிதமொன்றில், தாம் அரைப்பட்டினியாக இருப்பதாகவும், மூளையைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் உணவு வேண்டுமென்றும் மனம் திறந்து தெரிவித்தார். அவ்வருஷமே சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உதவிச் சம்பளம் அளித்தது. 1914-ல் கப்பலேறினார்; 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினரானார். எழுபத்தைந்து ரூபாய் அவருக்கு மேதையைக் கொடுக்கவில்லை. மேதை முன்பே இருந்தது. அதைக் கவலையின் கையிலிருந்து மீட்டது. அப்படி மீட்கப்படாமலே மடிந்த அறிவு இந்நாட்டில் எவ்வளவு என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது.

மீண்டும் தறிக்கு வருவோம். சர்க்கார் 2019-20-ல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கின்படி, இந்தியாவில் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டோர் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர். நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைந்த வருமானத்தில் வாழ்கின்றன. பட்டு விலையுயர்ந்தது, பட்டு நெய்பவன் வாழ்வு விலையுயர்ந்ததன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழி ஈரமாகிறது, பாவு ஈரம் வாங்குகிறது, தறி நிற்கிறது, கூலி நிற்கிறது. ஏரி நிரம்பும் அதே மாதங்களில் நெசவாளி வீட்டுப் பானை வற்றுகிறது. சரக்குத் தேங்கினால் கூலியும் தேங்குகிறது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம், அடகு, வட்டி இவை நெசவாளி தறியில் உட்காரும்போது அவனோடு கூடவே உட்காருகின்றன. மூன்று நாடாவோடு நாலாவது நாடாவாகக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு, அவன் ஏன் புதுச் சித்திரம் யோசிக்கவில்லை, ஏன் நாளைக்குத் திட்டமிடவில்லை என்று கேட்கிறோம்! அவன் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறான். திங்கட்கிழமை வட்டிக்கு என்ன செய்வது என்பதை.

ஆகவே நாம் கோருவது யாது?

முதலாவது, கூலி நாள் தவறலாகாது. 1936-ம் வருஷத்துக் கூலி வழங்கற் சட்டம் ஆலைத் தொழிலாளிக்குத் தேதியைக் குறித்தது. வீட்டில் தறிபோட்டுத் துண்டுக் கூலிக்கு நெய்பவனை அதன் கை எட்டவில்லை. கூட்டுறவுச் சங்கமாயினும் தனி முதலாளியாயினும், சேலையை வாங்கிக்கொண்ட அன்றே கூலியைத் தருவது விதியாகவேண்டும். சரக்கு விற்கும்வரை காத்திருக்கும் பாரம் பணமுள்ளவன் தோளில் இருக்கட்டும். பணமில்லாதவன் தலையில் வேண்டாம்.

இரண்டாவது, முன்பணத்தின் பேரால் தொழிலாளியை ஓரிடத்தில் கட்டிவைத்தல் ஒழியவேண்டும். கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் 1976-ல் ஏற்பட்டது. சட்டப் புத்தகத்தில் ஒழிந்தது கணக்குப் புத்தகத்திலும் ஒழிந்ததா என்று பார்ப்பது தேசத் தொண்டர்களின் கடமை. ஊருக்கு இரண்டு பேர் நெசவாளியின் பற்று வரவைப் படித்துச் சொல்ல முன்வந்தாலே பாதி வேலை முடியும்.

மூன்றாவது, மழைமாத உதவி. மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு ராஜ்ய சர்க்கார் நிவாரணத் தொகை அளித்து வருகிறது. அந்த நியாயமே தறிக்குழியில் நீர் ஊறும் மாதங்களுக்கும் பொருந்தும். வருஷ முடிவில் பெருந்தொகையாக அறிவிப்பதைவிட, நெருக்கடி மாதத்தில் சிறுதொகையாகக் கைக்குச் சேர்வது அறிவைக் காக்கும்.

நான்காவது, உதவி பெறுவதற்கே அறிவெல்லாம் செலவாகும் ஏற்பாடுகளை விட்டொழிக்கவேண்டும். ஒரு மானியத்துக்கு ஐந்து காகிதம், ஐந்து காகிதத்துக்கு மூன்று ஆபீஸ், மூன்று ஆபீஸுக்கு ஆறு நடை என்றிருப்பது, ஏழையின் கவனத்தின்மேல் விதிக்கப்படும் வரி. வரி கட்டுபவன் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாதவன் என்பதையும் மறக்கலாகாது.

ஐந்தாவது, யோசனைக்கு விலை வேண்டும். புதுச் சித்திரம் நெசவாளியின் மனத்தில் பிறந்தால், அச் சேலை விற்குமளவும் அவனுக்கு ஒரு பங்கு சேரவேண்டும். நூலாசிரியனுக்குப் பதிப்புரிமை உண்டென்று வாதாடும் படித்த வர்க்கத்தார், நூலையே ஆளும் ஆசிரியனுக்கு அதை மறுப்பது எந்தத் தர்மம்?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தறியில் இவ்வளவு அறிவு இருக்கிறதென்றால், நெசவாளியின் குழந்தையைத் தறியிலேயே இருத்திவிடலாமே என்று வாதம் புறப்படலாம். அது அபாயமான வாதம். கோர்வைத் தறியில் மறுகரை நாடா தந்தவை பலகாலம் பிள்ளைக் கைகளே என்பதையும், முன்பணத்துக்கு ஈடாகவே அவை அங்கு வந்தன என்பதையும் காஞ்சி அறியும். 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் தொழில்வழிக் கல்வியை வகுத்தபோது, அது எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய கல்வி. ஏழைக் குழந்தைக்குத் தனியாக வகுத்த கல்வி அன்று. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்துப் பெற்றோர் தொழிலைப் பழகவைக்கும் திட்டம் வந்தபோது, குலத் தொழிலில் பூட்டிவைக்கும் ஏற்பாடு என்று ஜனங்கள் கொதித்தெழுந்தனர். 1954-ல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கொதிப்பின் நியாயத்தை மறக்கலாகாது. தொழிலில் அறிவு உண்டு என்பது தொழிலாளியின் மதிப்பை உயர்த்தவேண்டிய வாதம். அவன் மகளுக்கும் மகனுக்கும் கதவை அடைக்கும் வாதமாகக் கூடாது. அவர்கள் படிக்கட்டும், படித்தபின் விரும்பினால் தறிக்கு வரட்டும். விரும்பி வரத்தக்க கூலியும் கௌரவமும் அங்கே இருக்கும்படி செய்வது நம் பொறுப்பு.

பள்ளிப் பரீட்சை ஒன்றாலேயே அறிவை அளப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரேஸில் தேசத்தில் தெருவில் காய்கனி விற்ற சிறுவர்களை அறிஞர் மூவர் சோதித்து, 1985-ல் வெளியிட்ட முடிவு இது: வியாபாரத்தினூடே கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி, அதே சிறுவர்களைக் காகிதமும் பென்சிலும் கொடுத்து உட்காரவைத்துக் கேட்டபோது, அதே வகைக் கணக்குகளில் நூற்றுக்கு 37 மட்டுமே சரி. தராசு பொருந்தாவிட்டால் பொன்னும் இலேசாகத்தான் தெரியும்.

சுதேசி இயக்கம் 1905-ம் வருஷம் ஆகஸ்ட் 7-ந் தேதி கல்கத்தாவில் முழங்கிய நாளைத் தேசியக் கைத்தறி நாளாக 2015 முதல் கொண்டாடி வருகிறோம். மாலை, ஊர்வலம், கண்காட்சி யாவும் நடக்கட்டும். ஆனால் சுதேசியின் உட்பொருள் துணியை வாங்குவதோடு முடிவதன்று. அந்நியன் இந்நாட்டின் பஞ்சைக் கொண்டுபோனான் என்று கோபித்தோம். நம் கண்ணெதிரே நம்மவர் மூளையைக் கடனும் தாமதமும் கொண்டுபோவதை என்னவென்பது? பஞ்சு அடுத்த வருஷம் விளையும். கவலையில் கழிந்த ஒருவனுடைய நாற்பது வருஷ அறிவு திரும்ப விளைவதில்லை.

வழக்கு இத்துடன் முடிகிறது. நெசவாளிக்குப் புத்தி போதாது என்ற குற்றச்சாட்டுக்குச் சாட்சியம் இல்லை, அது தள்ளப்படவேண்டியது. எதிர்வழக்கு ஒன்று மட்டும் நிலுவையில் நிற்கிறது. உள்ள புத்தியை உபயோகிக்க விடாமல் அதன்மேல் வட்டி வாங்கித் தின்றவர்கள் யார் என்பதே அது. அதில் பிரதிவாதிகளாகச் சர்க்காரும், சங்கங்களும், முதலாளிகளும், பேரம் பேசிக் குறைத்து வாங்கும் நாமும் நிறுத்தப்பட்டிருக்கிறோம். அடுத்த கூலி நாளன்று நாம் நடந்துகொள்ளும் விதமே நமது பதில் மனுவாகும்.